தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டு: பெற்றோரும் புதிய ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் நடுநிலைக்குப் போவதற்கு முன் படிக்கும் வகுப்பைப் பற்றிய பக்கம் இது. சில நாடுகளில் அது ஐந்தாம் வகுப்பு, சில நாடுகளில் ஆறாம் வகுப்பு. பாடத்திட்டம் மாறலாம். பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை.

இந்த ஓர் ஆண்டில் எதைக் கட்டாயம் சரிசெய்தாக வேண்டும்?

மூன்றே மூன்று. முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைத் தானாக வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இட மதிப்பு புரிந்து நான்கு செயல்களையும் செய்ய வேண்டும், பின்னம் என்பது ஓர் எண் என்று தெரிய வேண்டும். தான் நினைப்பதை இன்னொருவருக்குப் புரியும்படி ஒரு பத்தி எழுத வேண்டும். மற்றப் பாடங்கள் எல்லாம் மேல் வகுப்புகளில் இன்னொரு சுற்று வரும். இந்த மூன்றையும் அடுத்த ஆண்டு யாரும் முதலிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள். அதனால் பாடப்பகுதியை முடிக்கும் அவசரத்தில் இவற்றில் இருக்கும் ஓட்டைகளை விட்டுவிடக் கூடாது.

மகள் தடையில்லாமல் வாசிக்கிறாள். கேள்வி கேட்டால் மட்டும் விழிக்கிறாள். ஏன்?

முதலில் அது உண்மையிலேயே தடையில்லாத வாசிப்பா என்று பாருங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது பாதி மனப்பாடமாக இருக்கும். அவள் பார்த்திராத 100 சொற்கள் கொண்ட ஒரு பகுதியைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தவறாக வாசித்த, விட்டுவிட்ட சொற்களை எண்ணுங்கள். ஐந்துக்குள் இருந்தால் அந்த அளவு நூலை அவள் தனியாகவே படிக்கலாம். ஐந்துக்கு மேல் பத்து வரை என்றால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் நூல் கடினம். சொல்லைக் கூட்டுவதிலேயே மூளை களைத்துவிடும், பொருளுக்கு மிச்சம் இருக்காது. ஒரு படி எளிய நூலுக்கு இறங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சொற்கள் சரியாக வந்தும் பொருள் பிடிபடவில்லை என்றால், பழக்கம்தான் காரணம். கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பாடத்தில் தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுவது பல ஆண்டுப் பழக்கம். அதற்குப் புரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வரியில் விடை இல்லாத கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "மழை விட்டதும் அவன் குடையை மடக்கினான். சட்டையின் இடது தோள் மட்டும் நனைந்திருந்தது." இதை வாசிக்கவிட்டு, "அவன் தனியாகவா வந்தான்?" என்று கேளுங்கள். உடனே புத்தகத்தைத் தேடும் பிள்ளை "அதில் போடவில்லையே" என்பாள். யோசிக்கும் பிள்ளை "வலது பக்கம் யாரோ கூட வந்திருக்கலாம்" என்பாள். எந்தப் பதில் வந்தாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "எதை வைத்துச் சொல்கிறாய்?" நாளுக்கு ஒரு பத்தி, இப்படி ஒரு கேள்வி போதும். பத்துக் கேள்வி கேட்டால் வாசிப்பே தேர்வாகிவிடும்.

எழுத்துப் பிழை குறையவே இல்லை. பத்து முறை எழுத வைக்கலாமா?

வேண்டாம். பிள்ளைகள் பத்து முறை எழுதும் விதத்தைக் கவனியுங்கள். முதல் எழுத்தைப் பத்து வரியிலும் மேலிருந்து கீழாக எழுதுவார்கள், பிறகு இரண்டாம் எழுத்தை. பக்கம் நிறைந்துவிடும், சொல் மனத்தில் ஏறியே இருக்காது. பார், மூடு, எழுது, ஒப்பிடு என்று இரண்டு முறை, மறுநாள் பார்க்காமல் ஒரு முறை. இதற்கு மூன்று நிமிடம் ஆகாது. சொல்வதெழுதுதலுக்கும் 20 சொற்கள் அதிகம். எட்டு கொடுங்கள், அதில் மூன்று போன வாரம் தவறியவையாக இருக்கட்டும்.

சில பிழைகளுக்கு விதி இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. இந்த ஒன்று தெரிந்தால் 'அதற்க்கு', 'முயற்ச்சி', 'நட்ப்பு' மூன்றும் ஒரே நாளில் 'அதற்கு', 'முயற்சி', 'நட்பு' ஆகிவிடும். கையோடு ஓர் எச்சரிக்கை: இதைக் கற்ற உற்சாகத்தில் 'வாழ்க்கை', 'மகிழ்ச்சி', 'பார்த்தான்' ஆகியவற்றிலும் புள்ளியை எடுத்துவிடுவார்கள். ய், ர், ழ் இவற்றின் பின் வரலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அடுத்து, டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன், தகரத்துக்கு முன் ந்: வண்டி, கன்று, பந்து.

ல, ள, ழ வேறுபாட்டுக்கு இப்படிக் குறுக்கு வழி கிடையாது. காதால்தான் வர வேண்டும். சொல்லிக்கொடுப்பவரே ழகரத்தை ளகரமாக உச்சரித்துவிட்டுப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

வாய்ப்பாடு தெரியாமலேயே கடைசி வகுப்புக்கு வந்துவிட்டான். இனி முடியுமா?

முடியும். மிச்சம் இருப்பது அவன் நினைப்பதைவிடக் குறைவு. 1 முதல் 10 வரையிலான வாய்ப்பாட்டில் 100 பெருக்கல்கள். 7×8, 8×7 இரண்டும் ஒன்றே என்று கொண்டால் 55. அதில் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் எப்படியும் தெரிந்திருக்கும், அவற்றை எடுத்தால் 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குப் பத்தால் பெருக்கிக் கழித்தால் போதும் (9×7 என்றால் 70-இல் 7 போக 63). அதையும் எடுத்தால் மிஞ்சுவது 15: 3×3, 3×4, 3×6, 3×7, 3×8, 4×4, 4×6, 4×7, 4×8, 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8.

வாரத்துக்கு மூன்று என்று எடுத்தால் ஐந்து வாரம். வரிசையாக ஒப்பிக்க விடாதீர்கள். "ஓரேழ் ஏழு" என்று தொடங்கி எட்டுக்கு ஓடி வருகிறவனுக்கு ராகம் தெரியும், 7×8 தெரியாது. கலைத்துக் கேளுங்கள், திருப்பியும் கேளுங்கள்: 8×7, 56-இல் எத்தனை 7, 56÷8. மூன்று நொடிக்குள் வந்தால் மனத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஆனால் இன்னும் விரலில்தான் இருக்கிறது.

வகுத்தலில் பூச்சியத்தை விட்டுவிடுகிறார்கள். எப்படித் திருத்துவது?

2436 ÷ 6 கொடுத்தால் வகுப்பில் பலர் 46 எழுதுவார்கள். 24-இல் 6 நான்கு முறை. 3-ஐ இறக்குகிறார்கள், போகவில்லை. சட்டென்று 6-ஐயும் இறக்கி 36 ஆக்கி, ஈவில் 6 எழுதிவிடுகிறார்கள். 3 போகவில்லை என்பதற்கு ஈவில் ஒரு 0 போட வேண்டும் என்பது நழுவிவிடுகிறது. விடை 406.

கட்டம் போட்ட நோட்டில், வகுபடும் எண்ணின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் நேர் மேலே ஈவின் இலக்கம் ஒன்று என்று எழுதப் பழக்குங்கள். 3-க்கு மேலே கட்டம் காலியாக இருப்பது கண்ணில் படும். கணக்கைத் தொடங்கும் முன்பே தோராய விடையை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்: 2400 ÷ 6 என்றால் 400. ஓரத்தில் 400 இருக்கும்போது 46 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

பின்னம் எங்கே கோளாறாகிறது?

பெரும்பாலும் தொடக்கத்திலேயே. வட்டத்தை வெட்டி மூன்று பங்குக்கு நிறம் தீட்டியே பழகியவர்களுக்கு 3/4 என்பது இரண்டு எண்கள், ஒன்றின் தலைமேல் ஒன்று. அது எண்கோட்டில் 0-க்கும் 1-க்கும் நடுவே உட்காரும் ஒரே எண் என்ற எண்ணமே வந்திருக்காது. அதனால்தான் 8 பெரியது என்று 1/8-ஐ 1/4-ஐவிடப் பெரியதாகச் சொல்கிறார்கள். அதனால்தான் 1/2 + 1/3 = 2/5 என்று மேலும் கீழும் கூட்டுகிறார்கள்.

விதியைத் திரும்பச் சொல்வதால் இது போகாது. 12 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள், ஒரு பிள்ளைக்கு ஐந்தாறு. ஒன்றை இரண்டாக மடித்தால் பாதி 6 செ.மீ. இன்னொன்றை மூன்றாக மடித்தால் ஒரு பங்கு 4 செ.மீ. (மூன்றாக மடிப்பது கைக்கு வராது. அளவுகோலால் 4, 8-இல் குறித்துவிட்டு மடிக்கட்டும்.) இரண்டையும் ஒட்டி வைத்தால் 10 செ.மீ. இப்போது 2/5 எவ்வளவு என்று பாருங்கள்: 12-ஐ ஐந்தால் வகுத்தால் 2.4, இரண்டு பங்கு 4.8 செ.மீ. கையில் இருந்த பாதியே 6 செ.மீ. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு குறைந்துபோகுமா? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளே எழுப்பும்வரை காத்திருங்கள்.

அடுத்து, 6-க்கும் 4-க்கும் பொதுவாக எந்தத் துண்டால் அளக்கலாம்? 2 செ.மீ. துண்டு முழுப் பட்டையில் ஆறில் ஒன்று. பாதி அதில் மூன்று, மூன்றில் ஒன்று அதில் இரண்டு, மொத்தம் 5/6. பின்னங்களின் பகுதிகளை (கீழே உள்ள எண்களை) சமமாக்குவது என்பது இந்த ஒரே அளவுத் துண்டைத் தேடுவதுதான். மீச்சிறு பொது மடங்கு அதன் பிறகு வரட்டும். பட்டை இல்லாமல் நேராக அதில் இறங்கினால், தேர்வுவரை நிற்கும், விடுமுறையைத் தாண்டாது.

எண் கணக்கு போடுகிறாள், வாக்கியக் கணக்கு என்றால் திணறுகிறாள்.

குறிச்சொல்லைப் பார்த்துச் செயலைத் தேர்வு செய்யும் பழக்கம்தான் காரணம். 'அதிகம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கீழ் வகுப்பில் அது ஓடியிருக்கும்.

"மீனாவிடம் ரவியைவிட 18 மணிகள் அதிகம். இருவரிடமும் சேர்த்து 74. ரவியிடம் எத்தனை?" 'அதிகம்' என்று இருப்பதால் 74 + 18 = 92 என்பார்கள். மொத்தமே 74 இருக்கும்போது ஒருவரிடம் 92 எப்படி என்று தோன்றாது. படம் போடச் சொல்லுங்கள். ரவிக்கு ஒரு நீள்பட்டை. அதன் கீழே மீனாவுக்கு அதே அளவு பட்டை, கூடவே 18 என்று எழுதிய ஒரு சிறு துண்டு. இரண்டையும் அடைத்து 74. துண்டை மறைத்தால் மிச்சம் 56, அது இரண்டு சம பட்டைகள், ஒன்று 28. மீனாவுக்கு 46. சரிபார்க்க 28 + 46 = 74.

1980-களில் சிங்கப்பூர்ப் பாடநூல்கள் வழியாகப் புகழ்பெற்ற முறை இது. இந்த வயதில் x வைத்துப் போடுவதைவிட நன்றாகப் பலிக்கும். கையில் பிடிக்க முடியாததை வைத்து யோசிக்கும் திறன் 11, 12 வயதையொட்டித்தான் துளிர்க்கிறது என்று குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்னார். சிலருக்கு முன்னே வரும், பலருக்குப் பின்னே. பட்டைப் படம் அதுவரை பாலம்.

எல்லாம் தெரியும், கவனக்குறைவால்தான் மதிப்பெண் போகிறது என்கிறான். நம்பலாமா?

விடைத்தாள்களிலிருந்து தவறான கணக்குகளை மட்டும் ஒரு பக்கத்தில் எடுத்து எழுதிப் பாருங்கள். ஒரே மாதிரித் தவறு மூன்று இடத்தில் இருந்தால் அது கவனக்குறைவு அல்ல, தவறான விதி ஒன்றை மிகக் கவனமாகப் பின்பற்றுகிறான். 5003 − 1847-க்கு 4844 வந்திருந்தால், ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான் (சரியான விடை 3156). 8:45 முதல் 10:20 வரை எவ்வளவு நேரம் என்றதற்கு 1 மணி 75 நிமிடம் என்றிருந்தால், மணியை நூறாகக் கடன் வாங்கியிருக்கிறான். விடை 1 மணி 35 நிமிடம். 0.35-ஐ 0.5-ஐவிடப் பெரியது என்றிருந்தால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படித்திருக்கிறான். 0.5-ஐ 0.50 என்று எழுதவைத்தால் பளிச்சென்று தெரியும். "கவனமாகப் போடு" என்ற அறிவுரை இவற்றில் ஒன்றைக்கூடத் திருத்தாது.

ஆய்வகம் இல்லை. அறிவியல் சோதனை ஒன்றாவது ஒழுங்காகச் செய்ய முடியுமா?

ஊசல் போதும். நூல், ஒரு சிறு எடை, நொடி காட்டும் கடிகாரம். ஊசலின் வேகத்தை மாற்றுவது எது? எடையா, எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதா, நூலின் நீளமா? வகுப்பில் பெரும்பாலோர் எடை என்பார்கள். கரும்பலகையில் ஊகங்களை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு முறைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எடையைக் கூட்டும்போது நீளம் மாறக் கூடாது. நீளத்தைத் தொங்கவிட்ட இடத்திலிருந்து எடையின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும், முடிச்சு வரை அல்ல. சிறிதாக இழுத்து, தள்ளாமல் விட வேண்டும். ஓர் அலைவை அளந்தால் கை தாமதமே விடையைக் கெடுத்துவிடும். 10 அலைவுகளுக்கு நேரம் பாருங்கள். போய்த் திரும்பி வந்தால்தான் ஒன்று. பாதி வகுப்பு போவதை ஒன்று, வருவதை ஒன்று என்று எண்ணும். நூல் 25 செ.மீ. என்றால் 10 அலைவுக்குச் சுமார் 10 நொடி, 50 செ.மீ. என்றால் சுமார் 14, ஒரு மீட்டர் என்றால் சுமார் 20. எடையை இரட்டிப்பாக்கினாலும் நேரம் அசையாது. ஊகத்தை அடித்துவிட்டு விடையைத் திருத்தி எழுதும் பிள்ளைகளைத் தடுங்கள். ஊகம் அப்படியே இருக்கட்டும், அதன் பக்கத்தில் கண்டது வரட்டும்.

வகுப்பில் எப்போதும் அதே நான்கு பேர்தான் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். 3 நொடிக்கு மேல் காத்திருந்த இடங்களில் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது. மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள், முதல் முறை சங்கடமாக இருக்கும். கையைத் தூக்கச் சொல்லாமல், எல்லோரையும் சிலேட்டிலோ கிழித்த தாளிலோ விடை எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. 40 பேரின் விடையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

குழு வேலைக்கும் இதே நோய்தான். ஆறு பேர், ஒரு தாள், ஒரு பேனா என்றால் ஒருவர் எழுதுவார், ஒருவர் சொல்வார், நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள். நான்கு பேராக்குங்கள், முதல் இரண்டு நிமிடம் அவரவர் தாளில் தனியாக எழுதட்டும்.

வீட்டுப்பாடம் எவ்வளவு நேரம்? நாங்கள் எவ்வளவு உதவலாம்?

வகுப்புக்கு 10 நிமிடம் என்ற பரவலான கணக்கை எடுத்தால் ஐந்தாம் வகுப்புக்கு 50 நிமிடம். தினமும் அதைத் தாண்டினால் எழுதும் வேகமா, புரியாததா, நடுவில் எழுந்து போவதா என்று பாருங்கள். உதவலாம், பேனாவை மட்டும் வாங்காதீர்கள். "என்ன கேட்டிருக்கிறது, உன் வாயால் சொல்" என்பதே பாதி உதவி. பத்து நிமிடம் முயன்றும் நகரவில்லை என்றால், முயன்ற வரிகளை அழிக்காமல் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுவிடச் சொல்லுங்கள். நீங்கள் முடித்துக்கொடுத்த வீட்டுப்பாடம், பிள்ளைக்குப் புரியவில்லை என்ற செய்தியை ஆசிரியரிடமிருந்து மறைத்துவிடும். தூக்கத்தைக் குறைத்து எழுத வைக்க வேண்டாம், இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை.

இரவு எல்லாம் ஒப்பித்தவள் தேர்வில் மறந்துவிடுகிறாள்.

திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். வீட்டில் செய்ய வேண்டியது: பாடத்தை ஒரு முறை வாசி, மூடு, நினைவில் உள்ளதை வெற்றுத்தாளில் எழுது, திறந்து விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேர். மூன்றாம் நாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை.

கரும்பலகையைப் பார்த்து எழுதினால் மட்டும் தவறு வருகிறது.

கண்ணைப் பரிசோதியுங்கள், வேறு எதற்கும் முன்னால். எண்களை மாற்றி எழுதுவது, பக்கத்து நோட்டைப் பார்ப்பது, கண்ணைச் சுருக்குவது எல்லாம் அடையாளங்கள். மங்கலாகத் தெரிவதுதான் இயல்பு என்று நினைத்திருக்கும் பிள்ளை தானாக வந்து சொல்லாது.

உடல் மாற்றங்களைப் பற்றி இப்போதே பேச வேண்டுமா?

ஆம். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் மாற்றங்கள் தொடங்குவது இயல்பு. ஒரே பெஞ்சில் தொடங்கியவளும் தொடங்காதவளும் உட்கார்ந்திருப்பார்கள். மாதவிடாய் என்றால் என்ன, பள்ளியில் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பையன்களுக்கும் சுருக்கமாகச் சொல்லுங்கள், கேலி அறியாமையில்தான் தொடங்குகிறது. கழிவறைக்குப் போக வகுப்பு நடுவே காரணம் கேட்காதீர்கள்.

தோழிகள் சண்டை எப்போது பெரிய விஷயம்?

இன்று பேசாமல் நாளை சேர்ந்துகொள்வது சண்டை, தலையிட வேண்டாம். வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, எதிர்க்க முடியாத ஒருவரை நோக்கி நடந்தால் அது துன்புறுத்தல். நாள், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் போங்கள். எதிர்த்தரப்புப் பிள்ளையிடமோ அவர்கள் வீட்டிலோ நேராகப் போனால் பெரும்பாலும் விவகாரம் பெரியவர்கள் சண்டையாகிவிடும்.

அடுத்த ஆண்டு பாடத்துக்கு ஓர் ஆசிரியர். எப்படித் தயார்ப்படுத்துவது?

படிப்பைவிட ஒழுங்கில்தான் முதலில் தடுமாறுவார்கள்: எந்த நோட்டு எந்த நாள், யார் எப்போது கேட்டார்கள் என்று. கடைசிப் பருவத்திலேயே மூன்றைக் கைமாற்றுங்கள். கால அட்டவணையைப் பார்த்துப் பையை அவர்களே அடுக்கட்டும் (எடை உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள்). வீட்டுப்பாடத்தை ஒரே சிறு நோட்டில் பாடம், வேலை, ஒப்படைக்கும் நாள் என்று குறிக்கட்டும். நோட்டு மறந்தால் நீங்கள் பள்ளிக்குக் கொண்டு ஓட வேண்டாம். இப்போது மறந்தால் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் ஒரு சொல் வாங்குவதோடு போகும்.

விடுமுறையில் அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்திவிடலாமா?

தேவையில்லை. வகுப்பில் அதே பாடம் வரும்போது தெரிந்ததுதானே என்று காதை மூடிக்கொள்வார்கள். மேலே சொன்ன 15 பெருக்கல்களில் தடுமாறுகிறவை எவை என்று பார்த்து அவற்றை மட்டும் தீட்டுங்கள். மற்ற நேரத்தில் பிள்ளை தானே தேர்ந்தெடுத்த நூலை வாசிக்கட்டும், அது படக்கதையாக இருந்தாலும் சரி.